மீனைக் காட்டித் தள்ளிப்போட்ட நாள்கள்

தேயிலை விலை படுத்துவிட்ட காலம் அது. குன்னூருக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் நான் கிளார்க். ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் அதிகம். மீதி நாள்களில் நான் ஏஞ்சல் மீன் வளர்த்தேன். சிக்லிட் இனம் என்று, கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் மனைவியின் அண்ணன் எனக்கொரு வேலை சொல்லி வைத்திருந்தார். "எப்பங்க மாப்ள வர்றீங்க?" என்று போனில் கேட்பார். மீன் முட்டை போட்டிருக்கிறது, பொரிந்ததும் வருகிறேன் என்பேன். பொரிந்தால், நீந்தட்டும் என்பேன். உண்மையில் எனக்குப் பயம். நாற்பத்திரண்டு வயதில் புது இடத்தில் யாரோ ஒரு சின்னப் பையனிடம் வேலை கேட்டு நிற்க வேண்டுமே என்ற பயம். அதை வெளியே சொல்லாமல் மீன் மேல் போட்டேன்.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரியின் டிரையர் அறை. தேயிலைத் தூள் காய்கிற நாள்களில் சுவர் கதகதப்பாக இருக்கும். தொட்டியை அதோடு ஒட்டி வைத்திருந்தேன். மீன் கடைக்காரர் ஹீட்டர் வாங்கச் சொன்னதற்கு, ஃபேக்டரியே இருக்கும்போது ஹீட்டர் எதற்கு என்று சிரித்தேன். ஃபேக்டரி நின்ற நாள்களில் சுவர் ஜில்லிட்டுப்போய், இரண்டு ஈடு முட்டையும் வெளுத்துப் பூஞ்சை பிடித்தது.

மூன்றாவது ஈடு பொரிந்த மறுநாளே ஃபேக்டரி நின்றது. மனைவி பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் தொட்டியில் மிதக்கவிட்டாள். ஆற ஆற மாற்றினாள். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் அவித்த மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து ஊட்டினாள். நான் பக்கத்தில் நின்று, வேலையில்லாமல் வேடிக்கை பார்க்க வந்த சக ஊழியர்களுக்கு விளக்கம் கொடுத்தேன்.

"இந்த இனத்துல ஆணும் பொண்ணும் சேந்துதானுங்க குஞ்சு காக்கும்."

அவள் பாட்டிலோடு என்னைத் தாண்டிப் போனாள்.

இரண்டு மாதத்தில் குஞ்சுகள் நாலணாக் காசு அகலம் வந்துவிட்டன. அவள் தொட்டியருகே நின்று கேட்டாள்: "ஏனுங்க, குஞ்செல்லாம் பெருசாயிருச்சு. அண்ணனுக்கு என்ன சொல்லட்டும்?"

தொட்டிக்குள் ஜோடி மறுபடியும் முட்டை போடும் சிலேட்டுத் துண்டைக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"அடுத்த முட்டைக்குத் தயாராவுது, பாரு!"

பார்த்தாள். அடுத்த திங்கட்கிழமை காலையில் ஒரு பையோடு வந்து நின்றாள்.

"அண்ணங்கிட்டப் பேசிட்டேனுங்க. பனியன் செக்கிங்ல பொம்பளைங்களுக்கும் வேலை இருக்குதாமா. நான் போறேன். நீங்க மீனைப் பாத்துக்குங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டாவது நிறுத்தியிருப்பேன். பஸ் ஸ்டாண்டு வரை பையைச் சுமந்துகொண்டு போனேன். அவளுக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தேன். அவமானமாக இருந்தது. அதைவிட அவமானம், பஸ் கிளம்பியபோது மனசுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது.