ஒரு சொட்டு இரத்தமும் என் ட்ரில் மெஷினும்

படகில் ஓட்டை விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து அடைக்கிற திருகோணமலையில், ஓட்டை போட்டுப் பிழைக்கிறவள் நான்.

வீட்டுக் கொட்டிலில் மேசை ட்ரில் மெஷின் வைத்திருக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரும்பு நாம் சொன்னதைக் கேட்கும். இரும்பைக் கொண்டுவருகிறவர்கள்தான் கேட்க மாட்டார்கள்.

துறைமுகப் பக்கம் நான் வேலை பார்த்த படகுத் திருத்தகத்தை மூடியபோது, அங்கே நான் பழகிய மெஷினையே வாங்கி வந்து வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில் பூட்டி நிறுத்தினேன். என் வீட்டுக்காரருக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. அவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிறவர். மற்றவர்கள் அதைப் பார்த்தால் மெஷின் தெரியும். அவருக்கு அறுந்த விரல் தெரியும். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, கடைசியில் ஒரு சட்டம் போட்டார்: "இந்தக் கொட்டிலுக்குள்ள ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலும், அண்டைக்கே இது பழைய இரும்புக்காரனுக்கு."

பழைய இரும்புக்காரர் மைக் கட்டிய லொறியில் கிழமைக்கொருமுறை எங்கள் ஒழுங்கையால் போவார். சட்டம் எப்படியோ அவர் காதுக்கும் எட்டிவிட்டது. எங்கள் வாசல் படலையடியில் லொறியை மெதுவாக்கி, "அக்கா, இன்னும் ஒண்டும் நடக்கேல்லையோ?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரிப்பார். அன்றிலிருந்து, மெஷின் என்னிடம் நிற்பதும் போவதும் ஓட்டை போட வருகிறவர்களின் விரல்களையும் பொறுத்ததாகிவிட்டது.

கையுறை போட்ட நானா

மூதூரிலிருந்து முஸ்லிம் அண்ணன் ஒருவர், எங்கள் பேச்சில் நானா, படகு எஞ்சினுக்குப் பூட்டுகிற அலுமினியத் தட்டோடு வந்தார். கைகளில் முழங்கை வரைக்கும் தடித்த புதுக் கையுறை. கடையில் ஒட்டிய விலைத் துண்டுகூட இன்னும் கிழிபடவில்லை. மெஷின் வேலை என்றதும் பாதுகாப்பாக வரவேண்டும் என்று வாங்கினாராம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நானா, முதல்ல அதைக் கழட்டுங்கோ" என்றேன். கையுறையில் ஒரு நூல், ஓட்டை போடுகிற அலகில் மாட்டினால் போதும், கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும் என்று விளக்கினேன். ட்ரில் மெஷினுக்கு முன்னால் கையுறை போடுவதைவிட வீட்டிலேயே இருப்பது நல்லது என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொரு விரலாகக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப இதப் போட்டுக்கிட்டு நான் என்னதான் செய்யிற தங்கச்சி, பஸ்ஸுல கம்பி புடிக்கவா?"

விடுங்கோ, நான் பிடிக்கிறன்

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஒருவர் வேலை செய்யும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்க அவர்களால் ஏலாது. கல்யாண வீட்டில் வெங்காயம் உரிப்பதென்றாலும் சரி, கரையில் வள்ளம் தள்ளுவதென்றாலும் சரி, "விடுங்கோ, நான் பிடிக்கிறன்" என்று வந்து நின்றுவிடுவார்கள். நல்ல பழக்கம்தான். ட்ரில் மெஷினுக்குப் பக்கத்தில் மட்டும் அது விரலைக் காவு கேட்கும்.

இலங்கைத்துறையிலிருந்து ஒரு மீன்பிடிக்கார அண்ணன் சுக்கானுக்குப் பூட்டுகிற இரும்புத் தட்டைக் கொண்டுவந்தார். அதை மேசையோடு இறுக்க நான் கிளாம்பை எடுத்ததுமே அவர் முகம் கறுத்துவிட்டது. "ஏன் தங்கச்சி, என்ர கையில நம்பிக்கை இல்லையோ? சுறா இழுத்தே விடாத கை இது."

சுறாவுக்குக் களைக்கும், மோட்டருக்குக் களைக்காது. அலகு மறுபக்கத்தால் வெளியே வருகிற நேரத்தில் இரும்பைக் கவ்விக்கொண்டால், தட்டையும் சேர்த்துச் சுழற்றிவிடும். வாயால் சொல்லிப் பயனில்லை என்று, சரியாக இறுக்காத தகடு ஒன்று முன்பு பறந்துபோய்த் தகரச் சுவரில் போட்ட பள்ளத்தைக் காட்டினேன். அவர் கிட்டப் போய் அதற்குள் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு விரலை அதே உயரத்தில் பின்னுக்குக் கொண்டுவந்தார். அது அவருடைய வயிற்றில் வந்து நின்றது.

"தங்கச்சி, இன்னொரு கிளாம்ப் இருந்தா அதையும் பூட்டி விடுங்கோ."

ஆணியில் தொங்கிய தாலி

மெஷினடியில் நிற்கும்போது தொங்குகிற எதுவும் என் உடம்பில் இருக்காது. கூந்தலை முடிந்து துவாயால் கட்டி, வீட்டுக்காரரின் பழைய சேர்ட்டுக் கையை முழங்கைக்கு மேலே மடித்து, கண்ணாடி போட்டு, கடைசியாகத் தாலிக்கொடியையும் கழற்றி சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில் கொழுவிவிடுவேன். சுழலுகிற அலகில் சுற்றிக்கொண்டால், அது தாலி என்று மெஷினுக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா தேங்காய் துருவுகிற துருவலைப் பலகையில் ஓட்டை போட வந்தார். வந்தவர் ஆணியைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், பலகையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஞாயிறு பூசை முடிந்து வருகிறோம், பங்குச் சுவாமி என்னையும் வீட்டுக்காரரையும் ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று மெதுவாகக் கேட்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே போய் பிலோமினா அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அவர் அசையவே இல்லை.

"நான் பொய்யொண்டும் சொல்லேல்லையே பிள்ளை. தாலி ஆணியில, புருசன் ஆஸ்பத்திரியில. கண்டதைத்தான் சொன்னனான்."

லொறி வந்த காலை

அன்றைக்கு வீட்டுக்காரருக்கு லீவு. தேத்தண்ணீர்க் கோப்பையோடு கொட்டிலுக்குள் வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்து, என்னையும் மெஷினையும் பொலிஸ்காரர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். தட்டை இறுக்கினேன், அலகைப் பூட்டிய சாவியை மறக்காமல் எடுத்து ஆணியில் மாட்டினேன், பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். வேலை முடிந்து மெஷினும் நின்றது. பிழை பிடிக்க ஒன்றும் கிடைக்காத மனிதருக்கு, நம் ஊர்ப் பழக்கம் தலைதூக்கியது. "விடும், நான் துடைச்சு விடுறன்" என்று எழும்பி, மேசையில் சுருள் சுருளாகக் கிடந்த இரும்புச் சீவலை வெறுங்கையால் வழித்தார்.

"ஐயோ, கையால வேண்டாம், தூரிகை..." என்று நான் சொல்லி முடிக்கவில்லை. மேசையில் ஒரு சொட்டு விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் மைக் சத்தம். எத்தனை பேருடைய விரலைக் காப்பாற்றினேன், கடைசியில் இவருடைய விரலாலேயே மெஷின் போகப்போகிறதே என்று அழுகை வந்துவிட்டது.

"அக்கா, இன்னும் ஒண்டும் நடக்கேல்லையோ?" படலைக்கு மேலால் தலை தெரிந்தது. வீட்டுக்காரர் விரலைச் சாரத்துக்குள் சுருட்டிக்கொண்டு, "ஒண்டும் நடக்கேல்லைத் தம்பி, நீங்கள் போங்கோ" என்றார். லொறி போனது. நான் அவருக்கு மருந்து கட்டினேன். இறுக்கிக் கட்டு, இளக்கிக் கட்டு என்று ஆயிரம் குறை சொன்னார். நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன்.

"என்ன பார்வை? நான் சட்டம் போட்டது உம்மட ரத்தத்துக்கு. என்ர ரத்தம் அதில சேராது."

இப்போதும் கிழமைக்கொருமுறை லொறி வந்து விசாரிக்கிறது, நானும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறேன், விரலில் தழும்போடு பக்கத்தில் நிற்கிறவரும் ஓம் ஓம் என்று தலையாட்டுகிறார்.