ஸ்பிரிங் கேட்டது நான்

போன வாரம் ஜிண்டபைன் மலையின் பனிச்சாலையில் ஒரு வளைவில் கார் துள்ளி வழுக்கியது. பின் இருக்கையில் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள்.

கணவருக்கு அங்கே வேலை. குளிர்காலம் முடியும்வரை அவரைக் கொண்டுபோய் விடுவது நான்தான்.

இன்று இருவருமாகப் பென்டில் ஹில் என்ற ஊரில் நம் தமிழர் ஒருவரின் கார் திருத்தும் கராஜுக்குப் போனோம்.

"பனியிலை வழுக்காமல் ஓட என்ன ஸ்பிரிங் போடலாம்?" என்று கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "அண்ணை, இறுக்கமான ஸ்பிரிங் போட்டுக் காரை நிலத்தோடை பதிச்சு விடுவம். பார்க்க எடுப்பாயிருக்கும்."

"இறுக்கமாப் போட்டா இன்னும் துள்ளும். பதிச்சா காரின்ரை அடிப்பக்கம் பனியிலை தட்டும்," என்றேன்.

"அண்ணி பயப்பிடுறா," என்று சிரித்தார். அதையும் கணவரிடம்தான் சொன்னார்.

"தம்பி, எனக்கு லைசன்ஸே இல்லை. இவதான் ஓடுறவ."

"அப்ப நீங்கள் பக்கத்திலை இருந்து சொல்லிக் குடுங்கோ, அண்ணை!"

சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பயத்தில் அல்ல, கோபத்தில்.

மலைச்சாலையில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: உயரத்தைக் குறைக்காமல், சற்று இளக்கமான ஸ்பிரிங்கும் புதிய ஷாக் அப்சார்பரும் போட்டால் போதுமா?

பதிலை எனக்கு எழுதுங்கள். கணவருக்கு எழுதுகிறவர்கள், பிரேக் எந்தப் பக்கம் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.