மூச்சுக்குழாய் ஆடும் ஒரு நேர்த்திக்கடனும்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் நான் அறுவை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, என் உயிர் ஒரு வெள்ளாட்டின் கழுத்தில் இருந்தது. அதன் மூச்சுக்குழாயில் ஒரு துண்டை வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்திருந்தோம். உடம்பு அந்த வலையை ஏற்றுக்கொண்டால் ஒருநாள் மனிதருக்கும் வைக்கலாம். முந்தைய ஆடுகள், தைத்த இடம் சுருங்கி, மூச்சு கீச்சென்று இரைந்து, செத்துப்போயின. இதுவும் போனால் ஆராய்ச்சியை மூடிவிட வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

கல்லூரிக் கொட்டகை ஒழுகியதால், ஆட்டை ஆனையூரில் என்னோடு படித்த கூட்டாளியின் வீட்டுக் கொல்லையில் கட்டினோம். அவன் அம்மா அதற்கு அகத்திக்கீரை ஊட்டிப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார். ஆடு தேறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் கொல்லையில் ஆடு இல்லை.

"அம்மா கருப்பசாமி கோயிலுக்குப் பத்திட்டுப் போயிருச்சு மாப்ள," என்றான் கூட்டாளி, முகம் வெளுத்து. "ஆடு பொழச்சா கெடா வெட்டுறேன்னு நேர்ந்திருக்காம்."

"எந்தக் கெடாவ?"

"அதே கெடாவத்தான்."

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல! சைக்கிளை மிதித்தோம். கண்மாய்க்கரைக் கோயிலில் ஆட்டுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுச் சனம் காத்திருந்தது. ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தது அரிவாள்.

"அம்மா, அது கழுத்துலதான் எங்க படிப்பே இருக்கு!" என்று கத்தினேன்.

"சாமிக்குச் சொன்ன சொல்ல மாத்தக்கூடாது தம்பி. இம்புட்டு நாளும் அத மூச்சுவிட வச்சது யாரு?"

"நாங்கதான்!"

சனம் சிரித்தது. பூசாரி இன்னொரு சொம்பு ஊற்றினார். 'சிலுப்பாதே, சிலுப்பாதே' என்று நான் கருப்பனையே வேண்டிக்கொண்டு நின்றேன். ஆடு சிலுப்பவில்லை. கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

வரப்பில் மாலையோடு ஆடு, பின்னால் நாங்கள், எங்கள் பின்னால் அம்மா, பூசாரி, பாதி ஊர். தையல் பிய்ந்துவிடுமென்று அதை நாங்கள் வேகமாக நடக்கவிட்டதுகூடக் கிடையாது. ஆனாலும் சேற்றில் விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டே ஓடினேன். பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும்.

மடையோரம் அது தானாக நின்று மாலையைத் தின்ன ஆரம்பித்தது. அதன் கழுத்தில் காதை வைத்தேன். எங்கள் இரைப்பில் ஒன்றுமே கேட்கவில்லை. "எல்லாரும் மூச்ச அடக்குங்க!" என்று அதட்டினேன். ஊரே அடக்கியது. இரைச்சலில்லை, கீச்சில்லை.

"கருப்பன் உத்தரவு குடுக்கல தாயி. விட்டுருங்க," என்றார் பூசாரி.

அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "என்ன தம்பி, மூச்சு நல்லா வருதா?"

"அதுக்கு வருதும்மா," என்றேன், அழுதுகொண்டே. "நமக்குத்தான் வரல."