கண்ணாடிக்கு முன்னால் நின்றவர்கள்

சோளக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சிப்ஸ் கம்பெனியில் பொழுது சாயும்வரை தரையில் குத்துக்காலிட்டுக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, சீவுவது எங்கள் வேலை. என் பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கு இடுப்பு போய்விட்டது. எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். புருஷன் இல்லாதவள். வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

ஒருநாள் மேனேஜர் சொன்னார்: சேலத்திலிருந்து ஒரு மேடம் தலையில் கம்ப்யூட்டர் கண்ணாடி மாட்டிக்கொண்டு நாங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார். உடம்பு நோகும்படி வளைகிற இடம் அதற்குள் சிவப்பாகத் தெரியும். சிவப்பு வந்தால் உயரமான மேசையும் ஸ்டூலும் கிடைக்கும். அக்கா அன்றைக்கே அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

மேடம் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வந்தவர் நிற்க நாம் உட்கார்ந்திருப்பதாவது!

"எப்பவும் போல உக்காந்தே வேலை பாருங்க" என்று அவர் கெஞ்சினார்.

"இருக்கட்டுங்க" என்று பாக்கிங் மேசையில் கிழங்கைக் கொட்டி, விறைப்பாக நின்று சீவினார்கள். அக்காவும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உக்காருக்கா. இப்படி நின்னா மேசை எப்படி வரும்?" என்று காதைக் கடித்தேன்.

"எக்ஸ்ரே மாதிரிதான கண்ணு அது? நின்னா என்ன, உக்காந்தா என்ன, உள்ள இருக்கற வலி அதுக்குத் தெரியாதா?"

வலி இருக்கிறதா என்று மேடமே அவளைக் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லாருக்கறேனுங்க" என்று சிரித்தாள் புண்ணியவதி. புதிதாக வந்தவரிடம் நோவைச் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

நான் மட்டும் வீம்புக்குத் தரையில் உட்கார்ந்தேன். "எல்லாருமே இப்படித்தானுங்க சீவுவோம், இன்னிக்குத்தான் நிக்கறாங்க" என்றேன். கண்ணாடி பார்ப்பதைத்தான் பதிய முடியும் என்றார் மேடம், பாவமாக.

அடுத்த மாதம் மேனேஜர் முடிவைச் சொன்னார். இங்கே நிமிர்ந்து நின்றே வேலை நடக்கிறது, மேசை தேவையில்லை. ஒருத்திக்கு மட்டும் ஒழுங்காக நின்று வேலை செய்யச் சொல்லித்தர வேண்டும். அந்த ஒருத்தி நான். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த மழைக்காலம் முடியுமுன் அக்கா படுக்கையில் விழுந்தாள். கம்பெனியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் பாயில் கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"படுக்கா, நாந்தான்!" என்று கத்தினேன்.

"ஊட்டுக்கு வந்தவ நிக்கறப்ப நான் படுத்துட்டு இருக்கறதா சாமி?" என்று சுவரைத் தேடினாள்.

நான் சட்டென்று தரையில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் அவள் படுத்தாள்.