மைக்கில் வராத ஒரே பேர்

மஞ்சக்குப்பத்தில் ஆரோக்கியராஜ் வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சகாயமாதா சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு மாட்டிய சின்னக் கடை அவருடையது. ரெண்டு ஆம்ப்ளிஃபையர், நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக். கல்யாணமோ, தேர்த் திருவிழாவோ, மாதா சுரூபப் பவனியோ, எந்தக் கட்சிக் கூட்டமோ, செட் போடப் போன இடத்தில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்துவிட்டால் கரண்ட் போனால்தான் மனுஷன் நிற்பார். கோடை விழாவில் காணாமல் போகிற பிள்ளைகளையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்த குரல் அது. "கட்டம் போட்ட சட்டை, பட்டன் கிடையாது, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும், பெற்றோர் உடனே மேடைக்கு வரவும்" என்பார். பெற்றவர்கள் பிள்ளையைத் தேடி வருவதை விட, இந்த மானக்கேட்டை நிறுத்தத்தான் வேகமாக ஓடி வருவார்கள்.

இதெல்லாம் பிழைப்பு. அவருக்கு உயிர் என்னவோ வாலிபால்தான். ஆடத் தெரியுமா என்று கேட்காதீர்கள். சின்ன வயதில் ஒரு தடவை பந்து மூக்கில் பட்டு ரத்தம் வந்ததோடு சரி. ஆனால் கடலூர், சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் டோர்னமெண்ட் நடந்தாலும் மைக் ஆரோக்கியராஜ் கையில்தான் இருக்கும். "இடியென இறங்கியது பந்து! அடித்தவர் கடலூர் அணியின் இசைவாணி!" என்று அவர் சொன்னால், வேலிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

இந்தக் குரலுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. கோடை டோர்னமெண்டுகளுக்குக் காலேஜ் கோச்சுகள் வருவார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பார்த்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கொடுப்பதற்கு. ஷாமியானா நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். வெயிலில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் காது திறந்திருக்கும். அதில் விழுகிற பேரைத்தான் அப்புறம் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆரோக்கியராஜ் வாயால் காலேஜுக்குப் போன பிள்ளைகள் கொஞ்சநஞ்சம் இல்லை.

அவருடைய பொண்ணு பிரிசில்லாவும் கடலூர் அணியில்தான் ஆடினாள். குட்டையான பொண்ணு. அடிக்கிறவள் இல்லை, அடிப்பதற்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிறவள், செட்டர். பின்னாலிருந்து பந்து எப்படி வந்தாலும் கீழே புகுந்து, விரல் நுனியில் வாங்கி, நெட்டுக்கு மேலே பூப்போல நிறுத்துவாள். இசைவாணியும் வினோதினியும் குதித்து அதை அடிப்பார்கள். கைதட்டல் அடித்தவர்களுக்குப் போகும். அது எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

ஆனால் ஆரோக்கியராஜ் விஷயத்தில் வேறொன்றும் இருந்தது. 2005இல் பிரிசில்லா எட்டாங்கிளாஸ் படிக்கும்போது முதல் முதலாகப் பெரிய ஆட்டத்தில் இறங்கினாள். அப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "பிரிசில்லா! பிரிசில்லா!" என்று மைக்கில் உருகிவிட்டார். எதிர் ஊர்க்காரன் ஒருத்தன் வேலி மேல் ஏறி நின்று, "யோவ், ஒம் பொண்ண கொஞ்சறதா இருந்தா வூட்ல போயி கொஞ்சு! மைக்கு ஊருக்குப் பொது!" என்று கத்தினான். கூட்டமே சிரித்தது. ஆரோக்கியராஜுக்கு முகம் செத்துவிட்டது. அன்றைக்கு ஒரு முடிவெடுத்தார். இனி மைக்கில் தன் பொண்ணு பேர் வராது. வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. நியாயமான மனுஷன் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு அஞ்சு வருஷம் ஓட்டினார்.

2010 மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. பிரிசில்லா பாஸ்தான், ஆனால் மார்க்கைச் சொல்லிக் காலேஜ் கேட்கிற அளவுக்கு இல்லை. இசைவாணியைச் சென்னையில் ஒரு காலேஜ் எடுத்துக்கொண்டது. வினோதினியை ரெண்டு காலேஜ் போட்டி போட்டுக் கூப்பிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுத்த பொண்ணுக்குக்கூட எங்கேயோ சீட் கிடைத்துவிட்டது. பிரிசில்லாவை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கோட்டாவில் சீட் இல்லையென்றால் ஏதாவது டைப்பிங் கிளாஸில் சேர்ந்துவிட வேண்டியதுதான். காலேஜ் டீம் இல்லாத பொம்பளைப் பிள்ளைக்கு அதோடு பந்தும் முடிந்தது.

விஷயம் தெரிந்ததும் ஊரே புத்தி சொல்லக் கிளம்பிவிட்டது. "ஒயரம் பத்தல, தெனம் கம்பியில தொங்கச் சொல்லு" என்றார் பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணு. அதைக் கேட்டு ஆரோக்கியராஜின் மச்சான் அந்தோணிசாமி கொல்லையில் இரும்பு பைப்பே கட்டிவிட்டான். பிரிசில்லா தொங்கினாள். பைப்தான் வளைந்தது. "செட்டர்லாம் வேஸ்ட்டு, அட்டாக்குக்கு மாறச் சொல்லு" என்றார் டீக்கடைக்காரர். "பெரிய எடத்து சிபாரிசு வேணும்யா" என்றார் இன்னொருத்தர். கடைசியில் அந்தோணிசாமியே ஒரு யோசனையோடு வந்தான்.

"மாமா, இப்பல்லாம் ஆட்டத்த வீடியோ புடிச்சி, சிடி போட்டு, காலேஜ் காலேஜா அனுப்பறாங்க. நம்ம ஸ்ரீதர்கிட்ட சொல்லட்டா?"

ஸ்ரீதர் கல்யாண வீடியோக்காரர். மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்த ஒரு மேட்ச்சை முழுசாகப் பிடித்து, அழகாக எடிட் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்தது. ஆரோக்கியராஜின் பெண்சாதி ராஜாமணி ஒரு முறம் மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, வறுத்து நடுவில் வைத்தாள்.

முதலில் ரோஜாப்பூ மழை. அப்புறம் ரெண்டு புறா ரெண்டு பக்கமிருந்தும் பறந்து வந்து மூக்கோடு மூக்கு வைக்க, நடுவில் பிரிசில்லா என்று தங்க எழுத்து. ஸ்ரீதரிடம் இருந்தது அந்தக் கல்யாண டிசைன்தான். ஆட்டம் ஆரம்பித்தது. பந்து மேலே போனால் கேமராவும் கூடவே மேலே போய் வேப்பமரத்தைக் காட்டியது. இசைவாணி அடித்தால் ஸ்லோமோஷன். வினோதினி அடித்தால் இதயத்துக்குள் வினோதினி. பிரிசில்லாவின் முழங்கை ரெண்டு தடவை வந்தது. ஆனால் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. ஆரோக்கியராஜ் தன் குரலைத் தானே ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ராஜாமணி டிவியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஆட்டத்துல நம்ம புள்ள ஆடுச்சா இல்லியா?"

"ஏன், கண்ணு தெரியலியா? அதோ நிக்கிறா பாரு."

"கண்ணு தெரியுது. காதுதான் கேக்கல. இசைவாணிங்கறீங்க, வினோதினிங்கறீங்க, கோட்டுக்கு சுண்ணாம்பு போட்டவன் பேரக்கூட சொல்லி நன்றிங்கறீங்க. பெத்த பொண்ணு பேரு ஒரு தடவ வரலியே?"

ஆரோக்கியராஜ் வாயில் போட்ட மல்லாட்டையை மெல்லாமல் நிறுத்தினார். பிரிசில்லாதான் பதில் சொன்னாள். தோலை உரித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அப்பா எப்பவுமே சொல்லாதும்மா. மைக்குல சொல்ற அளவுக்கு நான் இன்னும் ஆடல போலன்னு நெனச்சிக்குவேன். அடுத்த ஆட்டத்துல சொல்லும்னு இன்னும் கொஞ்சம் நல்லா ஆடுவேன்."

அடப்பாவி மனுஷா! அஞ்சு வருஷமாக நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதையா? ஆரோக்கியராஜ் முறத்தைத் தள்ளி வைத்தார். வேலி மேல் ஏறிக் கத்தினவனைப் பற்றி அன்றைக்குத்தான் வீட்டில் சொன்னார். பிரிசில்லா கேட்டுவிட்டு, "அட, இவ்ளோதானா?" என்றாள். ஆனால் மூஞ்சி ஒரு மாதிரி மலர்ந்துவிட்டது.

"போவட்டும்பா. இனிமே திடீர்னு எம் பேர சொல்லாத. சீட்டு கெடைக்கலன்னதும் அப்பன் வெளம்பரம் பண்றான்பாங்க."

சரியாகத்தான் சொன்னாள். மே கடைசியில் சிதம்பரத்தில் டோர்னமெண்ட். அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி. அதற்குள் யாரும் எடுக்காத பிள்ளைகளை அதற்கப்புறம் யாரும் பார்க்கப் போவதில்லை. மைக் ஆரோக்கியராஜுக்குத்தான். சொன்னால் அசிங்கம், சொல்லாவிட்டால் பாவம். சிதம்பரம் பஸ்ஸில் ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபடியே போனார். பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடம் தாண்டும்போது பக்கத்திலிருந்த அந்தோணிசாமியின் தொடையில் பளாரென்று ஒரு அடி வைத்தார்.

"மச்சான், ரெண்டு டீமுக்கும் சொல்லிட்டா?"

"எத மாமா?"

"அடிச்சவ பேரு மட்டும் இல்லடா. எடுத்துக் குடுத்தவ பேரும். நம்ம டீமு, எதிர் டீமு, யாரா இருந்தாலும். அப்ப எவன் கேப்பான்?"

அந்தோணிசாமி தொடையைத் தடவிக்கொண்டே, "இத வாயாலயே சொல்லியிருக்கலாம் மாமா" என்றான்.

ஆட்டம் கடலூருக்கும் கீரப்பாளையத்துக்கும். ஷாமியானாவில் நாலைந்து கோச்சுகள். முதல் பந்தை எடுத்துக் கொடுத்தது கீரப்பாளையத்துச் செட்டர். ஆரோக்கியராஜ் முழங்கினார்: "பந்தை அழகாக எடுத்துக் கொடுத்தவர் கீரப்பாளையம் அணியின் செல்லாயி!" அந்தப் பொண்ணு தூக்கிவாரிப்போட்டு மேடையைப் பார்த்தது. அதுவரைக்கும் அவள் பேரை எந்த மைக்கும் சொன்னதில்லை. வேலியோரம் நின்றிருந்த அவள் ஊர்க்காரர்கள் விசிலடித்தார்கள். ஆகா, ரொம்ப நல்ல ஏற்பாடு!

அடுத்த பந்து கடலூர் பக்கம். நெட்டை ஒட்டி விழப்போன பந்து. பிரிசில்லா சறுக்கிக்கொண்டு போய், முழங்கால் தரையில் உரச, தலைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். எதிர்ப் பக்கம் ரெண்டு பேர் இசைவாணியைத் தடுக்கக் குதிக்க, பந்து வினோதினியிடம் போனது. ஆள் இல்லாத இடத்தில் அடித்தாள்.

"அடித்தவர் வினோதினி! எடுத்துக் கொடுத்தவர் கடலூர் அணியின்…" ஆரோக்கியராஜுக்கு வேலிக்காரன் ஞாபகம் வந்துவிட்டது. "…ஏழாம் நம்பர்!"

"பேரு மாமா, பேரு!" என்று அந்தோணிசாமி ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தான்.

"வர மாட்டேங்குதுடா!"

முதல் செட் முழுக்க இதே கூத்துதான். கீரப்பாளையம் எடுத்துக் கொடுத்தால் செல்லாயி. கடலூர் எடுத்துக் கொடுத்தால் ஏழாம் நம்பர். செல்லாயி, ஏழாம் நம்பர், செல்லாயி, ஏழாம் நம்பர். அந்தோணிசாமி தலையில் அடித்துக்கொண்டான். ஒரு தடவை ஆரோக்கியராஜ் ரொம்ப முயன்று "பி…" வரைக்கும் போய், "பி…ரமாதமான ஏழாம் நம்பர்!" என்று முடித்தார்.

ரெண்டாவது செட்டில் டைம் அவுட் விட்டபோது, ஷாமியானாவிலிருந்து ஒரு அம்மா எழுந்து நேராக மேடைக்கு வந்தார். ஞானாம்பாள். அந்தப் பக்கத்தில் ஒரு பெண்கள் காலேஜின் கோச். தொப்பியும் கேன்வாஸ் ஷூவுமாக, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏங்க, எல்லாருக்கும் பேரு சொல்றீங்க. அந்தப் பொண்ணுக்கு மட்டும் என்னா, பேரே வைக்கலியா? நான் ஆட்டம் ஆரம்பிச்சதுலேருந்து அதத்தான் பாத்துக்கினு இருக்கேன். பந்து எங்க போவும்னு எதிர்ல நிக்கிறவங்களுக்கு கடைசி வரைக்கும் தெரியல. யாரு அது?"

ஊரெல்லாம் பேசுகிற ஆரோக்கியராஜுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கையிலிருந்த மைக்கைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பிரிசில்லாங்க மேடம். ஆ. பிரிசில்லா. எம் பொண்ணுங்க. நல்லா ஆடுவா மேடம். அஞ்சு வருஷமா நல்லாத்தான் ஆடறா. நாந்தான் சொல்லல."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் நாலு குழாயிலிருந்தும் தனக்கே திரும்பி வருவதைக் கேட்டார். மைக் ஆனில் இருந்தது. அந்தோணிசாமி அணைக்கவும் இல்லை, அணைக்கிற எண்ணமும் அவனுக்கு இல்லை. ஞானாம்பாளும் மைக்கைக் கவனிக்கவில்லை.

"அப்படியா? எங்க செட்டர் இந்த வருஷம் படிச்சி முடிச்சிட்டா. திங்கக்கெழம சர்டிபிகேட்டோட காலேஜுக்கு கூட்டிக்கினு வாங்க. ஹாஸ்டல்ல எடம் சொல்லிடறேன்" என்றார். அதையும் நாலு குழாயும் ஊருக்குச் சொல்லின.

அப்புறம் எழுந்த சத்தம் இருக்கிறதே! கடலூர்ப் பிள்ளைகள் கத்தினார்கள், கீரப்பாளையத்துக்காரர்கள் அவர்களைவிட ஜாஸ்தி கத்தினார்கள். செல்லாயி நெட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கை தட்டினாள். டைம் அவுட் முடிந்து நடுவர் விசில் ஊதினார். சர்வீஸ் பிரிசில்லாவுடையது. அவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் நின்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசிலுக்கு எட்டு செகண்டுக்குள் பந்தைப் போட வேண்டும். அவள் அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள், பந்தை மட்டும் போடவில்லை. நடுவர் மறுபடி விசில் ஊதி, எதிர்ப் பக்கம் கை காட்டிவிட்டார்.

அந்தோணிசாமி மாமனின் விலாவில் இடித்தான். ஆரோக்கியராஜ் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார், மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார், நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்.

"ரசிகப் பெருமக்களே! நேரத்துக்குள் சர்வீஸ் போடாத காரணத்தால் பாயிண்ட் கீரப்பாளையம் அணிக்கு! தவறு செய்தவர் கடலூர் அணியின் பிரிசில்லா! பிரிசில்லா! பிரிசில்லா!"