கொரலை அனுப்புன வெள்ளிக்கிழமை

பதுளையில என்னைத் தெரியாத ஆள் கம்மி. ரமேஸ், பச்சை த்ரீவீல், வாய் கொஞ்சம் நீளம். வளைவுல முந்துற பஸ்காரனைக் கண்டா எனக்கு மண்டைக்கு ஏறிரும், எறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் வருவேன். அப்படிப்பட்ட என்னை வாயை மூடிக்கிட்டு ஓட்ட வைக்கிற ஒரே ஆள் றுஸைனா மிஸ்தான். பின் சீட்டுல ஒக்காந்து ஃபோனைப் பாத்துக்கிட்டே "யா அல்லாஹ்"ன்னு அவங்க மெதுவா சொன்னாப் போதும், ஹாரன்கூட அடிக்க மாட்டேன். எங்கேயோ ஒரு வீட்டுல நம்ம பொண்ணு ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

அவங்க வேலையே அதுதான். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுத்து, ஊருக்குக் கொண்டுவந்து சேக்குற ஆபீஸ். ஹார்ட்வெயார் கடைக்கு மேல மாடியில இருக்கு. ஃபோனை ஒரு நாளும் அணைக்க மாட்டாங்க. சோத்தைப் பெசஞ்சு வச்சுட்டு ஃபோன் பேசப் போவாங்க, திரும்பி வர்றப்ப சோறு காஞ்சு கெடக்கும். ஒரு தடவை நான் கோவத்துல, "மிஸ், நீங்க விழுந்துட்டா ஒங்களை மீட்க எந்த ஆபீஸ் வரும்?"னு கேட்டேன். சிரிச்சாங்க. அன்னைக்குத்தான் அவங்க உம்மாவைப் பத்திச் சொன்னாங்க. இவங்க சின்னப் புள்ளையா இருக்கப்பவே உம்மா சவூதிக்குப் போயிட்டாங்களாம். அப்ப ஏது வாட்ஸ்அப்? கேசட்டுல பேசி, யாராவது ஊருக்கு வந்தா குடுத்து விடுவாங்களாம். "உம்மா சொகமா இருக்கிறேன் மகள், நீங்க நல்லாப் படிங்க"ன்னு அவ்வளவு இனிமையாப் பேசுவாங்களாம். திரும்பி வந்தப்ப ஒரு கையைத் தோளுக்கு மேல தூக்க ஏலாது.

சுபாஜினி கேஸ் வந்ததுலேர்ந்து மிஸ் சரியாத் தூங்கல. லுணுகலைக்கு மேல உள்ள தேயிலைத் தோட்டத்துப் பொண்ணு. விசிட் விசாவுல மஸ்கட்டுக்கு ஏத்தி விட்டது யாரு? அதே லயத்து வரிசை வீட்டுல அடுத்த காம்பராவுல இருக்கிற பொன்னையா. மாமா மொறை வேற, பாவி! அந்த வீட்டுல பாஸ்போட்டைப் புடுங்கி வச்சுக்கிட்டு, கேட்டைப் பூட்டி, அடிச்சு வேலை வாங்குறாங்க. அம்மாக்கிட்ட பேசணும்னா பொன்னையா ஃபோன்லதான். அவனும் பக்கத்துலயே ஒக்காந்திருப்பான். புள்ளை எதையாவது சொல்லிட்டா அங்க அடி விழும்.

நல்ல காலம், அந்த வீட்டுப் பசங்க தூக்கி எறிஞ்ச, கண்ணாடி வெடிச்ச ஃபோன் ஒண்ணு சுபா கையில கெடைச்சுது. அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு, ஆள் இல்லாதப்ப மட்டும் எடுக்கும். நாம கூப்பிடவே கூடாது. சத்தம் கேட்டா முடிஞ்சுது கதை. மிஸ்ஸும் சுபாவும் மாறி மாறி வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான்.

வியாழக்கிழமை சுபாக்கிட்டேர்ந்து மெசேஜ் வந்துச்சு. சனிக்கிழமை காலையில தூரத்துல வேற வீட்டுக்கு மாத்தப் போறாங்களாம். அந்தக் கேட்டைத் தாண்டிட்டா பொறகு யாரு கண்ணுலயும் பட மாட்டா. மிஸ் ஒடனே மஸ்கட்டுக்கு ஃபோன் பண்ணி ஒரு திட்டம் போட்டாங்க.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆம்பளைங்க தொழுகைக்குப் போற நேரம், சுபா குப்பை கொட்டக் கேட்டுக்கு வெளிய வரும். அந்நேரம் நமக்குத் தெரிஞ்ச மலையாளக்கார நர்ஸம்மா ஒருத்தங்க காரோட நிப்பாங்க. ஏத்திக்கிட்டு நேரா எம்பசிக்கு. ஆனா சுபா ஏறணுமே! முன்னாடி அதே வீட்டுல இருந்த பொண்ணை "எம்பசியிலேர்ந்து வர்றோம்"னு சொல்லித்தான் எவனோ ஏத்திக்கிட்டுப் போய் வேற வீட்டுல வித்துட்டானாம். அதனால சுபா கண்டிப்பாச் சொல்லிருச்சு. அம்மா சொன்னாத்தான் ஏறுவேன்னு.

அம்மா பேரு வேலாயி. கொழுந்து எடுக்கிற பொம்பளை. வாயின்னா வாயி, அப்படி ஒரு வாயி! மலையில நின்னு திட்டினா கீழ தேயிலை ஸ்டோருக்குக் கேக்கும். லயத்துல பேச ஏலாது, செவுத்துக்கு அந்தப் பக்கம் பொன்னையா. வெள்ளிக்கிழமை காலையில, வயித்து வலின்னு வேலைக்குப் போகாம லுணுகலை டவுனுக்கு வரச் சொல்லி, என் த்ரீவீல்ல வச்சு மிஸ் ஃபோனை நீட்டினாங்க.

"அம்மா, அழாமப் பேசுங்க. நிதானமா, அன்பாச் சொல்லுங்க. சத்தம் போட வேணாம், புள்ளை பயந்துரும்."

வேலாயி தலையைத் தடவி, மொகத்தைத் தொடைச்சு, ஃபோட்டோவுக்கு ஒக்கார்ற மாதிரி ஒக்காந்துச்சு. "அன்பு மகள் சுபாஜினி, அம்மா பேசுறேன். கேட்டுப் பக்கத்துல வெள்ளைக் காரு வரும். அதுல இருக்கிற அம்மா நல்லவங்க. பயப்படாம ஏறுங்க மகள்." எனக்கே சிரிப்பு வந்துச்சு. வேலாயி வாயில 'ஏறுங்க மகள்'னு வருதே! மிஸ் மட்டும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. அனுப்பியாச்சு. வேலாயி தோட்டத்துக்குத் திரும்பிருச்சு.

நாங்க ரோட்டோரத்துல காத்துக்கிட்டிருந்தோம். பிளேன்டீ வாங்கினேன், ரெண்டு பேரும் தொடல. கடைசியா நர்ஸம்மா மெசேஜ் பண்ணாங்க. சுபா வெளிய வந்துச்சாம், காரைப் பாத்துச்சாம், குப்பையைக் கொட்டிட்டு உள்ள ஓடிருச்சாம்.

"ஐயோ, ஏன்?"னு கத்திட்டேன். கொஞ்ச நேரத்துல சுபாவோட கொரல் வந்துச்சு. காதுக்குள்ள குசுகுசுக்கிற மாதிரி.

"அது எங்கம்மா கொரல்தான் மிஸ். ஆனா பொன்னையா மாமா பக்கத்துல ஒக்காந்திருக்காரு. அவரு இருந்தாத்தான் அம்மா அப்படி மகள், வாங்கன்னு பேசும். என்னைய ஒரு வார்த்தைகூடத் திட்டல. நான் ஏற மாட்டேன்."

மிஸ் ஃபோனை மடியில வச்சுட்டு என்னையே பாத்தாங்க. "நான்தானே ரமேஸ் அன்பாப் பேசச் சொன்னேன். எங்கட உம்மாவும் அப்படித்தான் பேசினா. நான் நம்பினேன். இந்தப் புள்ளை நம்பல."

இன்னும் ஒரு வாய்ப்புதான் இருந்துச்சு. அங்க பொழுது சாஞ்சு மஃரிபு தொழுகை நேரம் சுபா மறுபடி குப்பை கொட்ட வரும், நர்ஸம்மாவும் காரோட திரும்பி வருவாங்க. அதுக்குள்ள வேலாயி திட்டியாகணும். வண்டியைத் திருப்பினேன். பள்ளம் மேடு பாக்கல, பஸ்காரன் எவனையும் ஏசல.

லயத்துக்குக் கீழ வளைவுல, தேயிலை மறைப்புல மிஸ்ஸை எறக்கி விட்டேன். அவங்களைக் கண்டா பொன்னையா மோப்பம் புடிச்சிருவான். அவங்க ஃபோனை என் சட்டைப் பையில வச்சுக்கிட்டு மேல நடந்தேன். கையில எங்க வீட்டுக்கு வாங்குன கோதுமை மாவுப் பை. பொன்னையா வாசல்ல சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறான். நான் சத்தமாக் கூப்பிட்டேன்.

"வேலாயியம்மா! மாவை வண்டியில விட்டுட்டு வந்துட்டீங்களே!"

அது மாவே வாங்கல. என் மூஞ்சியைப் பாத்துச்சு, அந்த ஒரு பார்வையில புரிஞ்சுக்கிச்சு. "அரிசிப் பையும் இருக்கணுமே? எங்கடா அது?"ன்னு கேட்டுக்கிட்டே எனக்கு முன்னால படியெறங்கிருச்சு.

"எங்க வேலாயி போய் வந்தே?"ன்னு பொன்னையா கேக்குறான்.

"மருந்து எடுக்கப் போனேன். வயித்து வலி"ன்னு திரும்பாமலே சொல்லிருச்சு.

வளைவுக்கு வந்ததும் மிஸ் அது கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "அம்மா, நான் பிழையாச் சொல்லிட்டேன். ஒங்க புள்ளையை எப்பவும் எப்படித் திட்டுவீங்களோ அப்படியே திட்டுங்க. அப்பத்தான் நீங்க தனியா நிக்கிறீங்கன்னு நம்பும்."

வேலாயி சேலையை இடுப்புல செருகிக்கிச்சு. நான் ஃபோனை எடுத்து அமுத்தினேன். தொடங்குச்சு பாருங்க!

"அடியே எருமை! செவிட்டு முண்டம்! காரு வந்து நிக்குதுன்னு சொன்னா ஒனக்கு அங்க என்னாடி புடுங்குற வேலை? ஒன்னைப் பெத்த வயித்துல பெரண்டையை வச்சுக் கட்ட! எவன் வீட்டுச் சட்டியோ கெடந்துட்டுப் போகுது, போட்டுட்டு ஏறுடி நாயே! நான் தனியாத்தான் நிக்கிறேன், ஒரு நாதாரியும் பக்கத்துல இல்ல. இன்னைக்கு நீ ஏறல, கடலைத் தாண்டி வந்து ஒன் மசுரைப் புடிச்சு இழுத்துட்டு வருவேன். ஏறுடி! ஏறித் தொலைடி!"

"என்ன வேலாயி சத்தம்?" மேலேருந்து பொன்னையா கொரல். எனக்கு உசிரே போச்சு.

"இந்த த்ரீவீல்காரப் பய! மாவுப் பையைக் கிழிச்சுட்டான்!"

"மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாமக் கிழிஞ்சிருச்சு!"ன்னு நானும் மலை அதிரக் கத்தினேன். பொன்னையா சிரிச்சான். வேலாயி திட்டுறதுதான் அந்த லயத்துல தெனமும் கேக்குறதாச்சே, எவன் காது குடுத்துக் கேக்கப் போறான்? அது என் மாவுப் பையை மார்போட கட்டிக்கிட்டு, வாயில சேலையைத் திணிச்சுக்கிட்டு மேல ஏறிருச்சு. அழுகைச் சத்தம் லயத்துக்குக் கேக்கக் கூடாதே.

வளைவுல சிக்னல் இல்ல. கோயில் மேட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போனப்புறம்தான் மெசேஜ் போச்சு. கேட்டுட்டாளான்னு தெரியல. இருட்டிக்கிட்டு வருது. மிஸ் ஏதோ ஓதிக்கிட்டிருக்காங்க, நான் முருகனைக் கூப்பிட்டுக்கிட்டிருக்கேன். அவ்வளவு பயம் நான் என் வாழ்க்கையில பட்டதில்ல, சத்தியமாச் சொல்றேன்.

ஃபோன் முனகுச்சு. சுபாவோட கொரல்தான். இந்தத் தடவை குசுகுசுன்னு இல்ல. பின்னால காரு ஓடுற சத்தம் கேக்குது.

"மிஸ், ஏறிட்டேன். நர்ஸம்மா பக்கத்துல இருக்காங்க. எம்பசிக்குத்தான் போறோம்னு சொல்றாங்க." அதுக்கப்புறம் பெருசா அழுதுச்சு. "இன்னும் பயமா இருக்கு மிஸ். அம்மாவை இன்னொரு தடவ திட்டச் சொல்லுங்க."