ஆறரைக் கட்டை கன்செர்ட்டோ

போன மாதம் மவுண்ட் ரோடில் நல்ல மழை. ஒரு கேசட் கடைக்குள் ஒதுங்கினேன். ஒதுங்கியவன் சும்மா நின்றிருக்கலாம். சிடி அடுக்கைத் துழாவினேன். அங்கே இருந்தது அந்தப் பெயர்!

ஒரு பியானோக்காரரின் பெயர். பத்து வருஷத்துக்கு மேலாக நான் தேடிக்கொண்டிருந்த ரெக்கார்டிங். அந்த ரெக்கார்டிங்கால்தான் ஆறு வருஷமாக நானும் தேவநேசனும் பேசிக்கொள்வதில்லை.

தேவநேசன் யார் என்று சொல்லிவிடுகிறேன். மேற்குத் தாம்பரத்தில் வீடு. பாரிமுனையில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். அவர் மனைவி எஸ்தர், அதே சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். எண்பதுகளின் நடுவில், காலை எட்டேகால் மின்சார ரயிலில் தேவநேசன் எனக்குப் பழக்கமானார். நான் தெரியாத்தனமாக விசிலடித்த மெட்டை, எதிர் சீட்டிலிருந்து அவர் முடித்து வைத்தார். மேற்கத்திய இசையின் ரொமான்டிக் காலத்துப் பியானோ கன்செர்ட்டோ ஒன்றின் மெட்டு. தாம்பரத்தில் ரயிலேறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? அன்றிலிருந்து நண்பர்கள்.

கன்செர்ட்டோ என்றால் ஒரு பியானோ, எதிரே அறுபது எழுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா. அரை மணி நேரம் இருவரும் மாறி மாறிப் பேசிக்கொள்வார்கள். எழுதியவர் எழுதிவிட்டுப் போய்விட்டார். வாசிக்கிறவர் ஆளுக்கு ஒரு மாதிரி வாசிப்பார். ஒருவர் உருகுவார். ஒருவர் விளாசுவார். அந்த வித்தியாசத்தைக் கேட்பதுதான் எங்கள் பைத்தியம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான் எங்கள் வேட்டைக்காடு. ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டுப் போவோம். ஓட்டை ஃபேன், கழற்றிப் போட்ட கதவு, ஒற்றை ஸ்கேட்டிங் ஷூ - அதற்கெல்லாம் நடுவே எல்.பி. ரெக்கார்டுகள். அந்த ஒரு கன்செர்ட்டோவையே மூன்று பேர் வாசித்த மூன்று ரெக்கார்டு சேர்த்தோம்.

"இன்னா சார், போன வாரமும் இதே பாட்டத்தான வாங்கினு போன? கீறல் வுயிந்துடுச்சா?" என்றார் கடைக்காரர்.

"இது வேற ஆளு வாசிச்சதுப்பா."

"பாட்டு ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

அவர் என்னை விட்டுவிட்டுத் தேவநேசனைப் பார்த்தார். அவராவது தெளிவாக இருப்பார் என்ற நம்பிக்கை போலிருக்கிறது.

நான்காவது என்னுடைய கேசட். வெளிநாட்டு வானொலி ஒன்றில் ஒரு ஞாயிறு மதியம் ஒலிபரப்பானதை நானே பதிவு செய்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு மேடைக் கச்சேரி. கடைசியில் அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார், குறித்துக்கொண்டேன். அந்த வாசிப்பில் அப்படி ஒரு வேகம்! அதுவும் போகப் போக ஏறும். முடிவை நெருங்கும்போது மனிதருக்குத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். உலகத்தில் இவரைப் போல இதை வாசித்தவர் கிடையாது என்பது என் கட்சி.

தேவநேசனுக்குப் பிடிக்கவில்லை.

"ஓடுறாரு சார். எதுக்கு ஓடுறாருன்னு தெரியல. பியானோவே கீச்சுன்னு கேக்குது."

"அதுதான் சார் ஃபயர்!"

"ஃபயர் இல்ல சார். கடைசி டிரெய்னைப் பிடிக்கப் போறவர் மாதிரி இருக்கு."

நாலு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாள் அவர் வீட்டு ஹாலில் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டு மறுபடியும் அதே பேச்சு. எஸ்தர் அப்போதுதான் காபி கொண்டுவந்து வைத்தார். நான் சொன்னேன்: "வாரா வாரம் அந்த சர்ச் ஆர்கனைக் கேட்டுக் கேட்டு உங்க காது தூங்கிப்போச்சு சார்."

வாய் தவறியது என்று சொல்ல மாட்டேன். ஆர்கன் வாசிக்கிறவர் யார் என்று தெரிந்துதான் சொன்னேன். வாதத்தில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்தர் உள்ளே போய்விட்டார். தேவநேசன் டேப்பை நிறுத்தினார். கேசட்டை எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்தார். என் கையில் கொடுத்தார்.

மறுநாள் அவர் வேறு பெட்டியில் ஏறினார். ஒரே ரயில், ஒரே பிளாட்பாரம், ஆறு வருஷம். அவர் முதுகை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

சரி, சிடிக்கு வருவோம்.

வீட்டுக்கு வந்து, தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளேயரில் போட்டேன். இதைக் கொண்டுபோய் தேவநேசன் முன்னால் வைக்க வேண்டும், 'இப்போது சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும் - அதுதான் திட்டம். சமாதானத்துக்கு அல்ல, ஜெயிப்பதற்கு.

ஆனால்... வேகம் எங்கே? தீ எங்கே? நிதானமாக, ஏறக்குறைய சோம்பலாக, யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்.

வேறு கச்சேரி போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. இரண்டாம் பகுதி தொடங்குவதற்கு முன் சபையில் ஒருவர் இரண்டு முறை இருமுவார். கேசட்டில் கேட்டுக் கேட்டு அந்த இருமல் எனக்கு மனப்பாடம். சிடியிலும் இருமினார், அதே இடத்தில், அதே இரண்டு முறை. கொஞ்சம் கனமான குரலில்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். கர்நாடக சங்கீதம் கற்றவள். "என்னங்க, இன்னிக்கு சுருதி எறங்கியிருக்கு?"

"எறங்கியிருக்கா?"

"நீங்க எப்பவும் போடுற கேசட்டைப் போடுங்க."

போட்டேன். அவள் தன் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை எடுத்து வந்து திருகினாள். சிடி ஆறு கட்டையில் ஆரம்பித்து ஆறு கட்டையிலேயே முடிந்தது. கேசட் ஆறுக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்தது. நடுவில் ஆறரை. முடியும்போது ஏழு கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிடி முப்பத்தொரு நிமிஷம். கேசட் இருபத்தொன்பது.

"இத்தனை வருஷமா சுருதி ஏறிக்கிட்டே போகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே. அவங்க ஊர்ல அப்படித்தான் வாசிப்பாங்க போலன்னு விட்டுட்டேன்."

அப்புறம்தான் எனக்கு அந்த ஞாயிறு மதியம் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னை பேட்டரியில்தான் ஓட்டினேன். புது பேட்டரியும் இல்லை. பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிவானதை, நல்ல கரண்டில் போட்டால் வேகமாகத்தானே ஓடும்? நான் பத்து வருஷம் மேதைமை என்று கொண்டாடியது, நான்கு பேட்டரி செத்துக்கொண்டிருந்ததை.

தேவநேசனின் காது அன்றே சரியாகச் சொல்லியிருக்கிறது. ஓடுகிறார். கீச்சென்று கேட்கிறது.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். யாருக்கும் தெரியாது; சொல்லாவிட்டால் தெரியப்போவதும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சிடி பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் எஸ்தர். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உள்ள வாங்கண்ணா" என்றார். தேவநேசன் பேப்பரை மடித்தார். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. ரயிலில் முதுகுப் பக்கம் இவ்வளவு தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, சுருதிப் பெட்டி, இருமல். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. கடைசியில், "நீங்கதான் சார் சரி. நான் சொன்னது தப்பு" என்றேன்.

தேவநேசன் சிரிக்கவில்லை. "போடுங்க, கேப்போம்" என்றார்.

முப்பத்தொரு நிமிஷமும் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "இப்பவும் எனக்குப் பிடிக்கல சார்" என்றார். "முன்னாடி ஓடினாரு. இப்ப தூங்குறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்த ஹாலில் இரண்டு கிழவர்கள் சேர்ந்து சிரித்தோம். வேலை முடிந்தது என்று பிளேயரின் வயரைச் சுற்றினேன்.

எஸ்தர் கதவோரம் நின்றிருந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கம்மா."

"அந்தாளு வேகமா வாசிச்சதுக்குப் பேட்டரி காரணம். சரி. என் ஆர்கனைப் பத்தி நீங்க சொன்னீங்களே, அதுக்கு என்ன காரணம்?"

இது ஒத்திகையில் வராத கேள்வி. தேவநேசன் தரையைப் பார்த்தார். எனக்கு உதவ வரவில்லை. வரக்கூடாதுதான்.

"காரணம் ஒண்ணும் இல்லம்மா. அவர் வாயை அடைக்கணும்னு உங்களை எடுத்து வீசினேன். நீங்க வாசிச்சு நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை."

எஸ்தர் கதவோரத்திலிருந்து ஹாலுக்குள் வந்தார். பிறகு, "அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க. ஏழரை மணி ஆராதனை" என்றார்.

காபி வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மன்னிப்புக் கேட்கும்போது நமக்கு வசதியான தப்பைத்தான் முதலில் ஒப்புக்கொள்கிறோம். பெரிய தப்பை எதிராளிதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடகர் குழுவில் தேவநேசன் நின்றிருந்தார். எஸ்தர் வாசித்தார், ஐந்து பாட்டு. முடிந்து வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்து, "எப்படி இருந்துச்சுண்ணா?" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

மனதாரத்தான் சொன்னேன் - ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் வேறு ரெக்கார்டிங் இல்லை.